எண்ணெய் டின்னிடம் சொன்னது

ரேடியோ செட்டை வாங்கிக்கொண்டு வந்த பிறகு கோகுலராஜ் அதைத் திறக்கவே இல்லை. பின்னறையில், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில், பழைய துண்டு ஒன்றால் மூடி வைத்திருந்தான். மலாக்காவில் செங் என்னும் இடத்துத் தொழிற்சாலையில் வேலை முடிந்து ஜாசின் வீட்டுக்கு வருவான். குளித்துச் சாப்பிட்டுவிட்டு அந்த அறைக்குள் போவான். துண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பான். மறுபடி மூடிவிடுவான்.

அவன் மனைவி வாணி சில நாள் பொறுத்துப் பார்த்தாள்.

“ரேடியோ இல்லாதப்ப மூஞ்சத் தூக்கி வச்சிருந்தீங்க. இப்ப ரேடியோ வந்தும் அதே மூஞ்சிதான் லா. அப்ப கோளாறு ரேடியோல இல்ல.”

“கருகிப் போன செட்டு வாணி. பாகம் கெடைக்கணும்.”

“தொறந்து பாக்காமலே பாகம் தேடுறீங்களா? ஃபேக்டரில மெஷினையும் இப்படித்தான் ரிப்பேர் பண்றீங்களா?”

அவன் துண்டைச் சரியாக இழுத்து மூடினான். பேசாமல் இருப்பது அவனுக்கு எப்போதும் எளிதாக வந்தது. பல பேர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செட்டை அவனுக்கு விற்ற கனகலிங்கமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

கனகலிங்கம் நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். கோலா சுங்கை பாருவில் கடற்கரையை ஒட்டி வீடு வாங்கியதற்கு அவர் சொல்லும் காரணம், கடல் தண்ணீர் மேல் ரேடியோ அலை நன்றாகப் போகும் என்பது. மனைவி பராசக்தி சொல்லும் காரணம் வேறு. “இந்த மனுசனுக்கு ஆக்களோட கதைக்கிறதைவிடக் காத்தோட கதைக்கிறது சுகம்.” உரிமம் எடுத்து, வீட்டில் கம்பி கட்டி, உலகத்தின் எந்த மூலையிலோ இன்னொரு வீட்டில் கம்பி கட்டியிருப்பவனோடு பேசுகிற பொழுதுபோக்கு அவருடையது. கோகுலராஜுக்கும் அந்த உரிமம் உண்டு. ஆனால் அவனிடம் இருந்தது மாநிலத்தைத் தாண்டாத சிறிய கருவி. அதில்தான் இருவரும் முதலில் குரலால் அறிமுகமானார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கோலா சுங்கை பாருவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகத் தொடங்கினான். சொல்லிவிட்டுப் போவதில்லை. கேட் எப்போதும் திறந்தே இருக்கும்.

அங்கே அவன் பெரும்பாலும் பேசமாட்டான். அவருடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்பான். பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி, ஜப்பானில் செய்தது, பழசு, ஆனால் அடக்கமான குரல் கொண்டது. அந்தப் பெட்டியின் பச்சை முள் அசைவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை முழுவதும் இருந்துவிடலாம். அவனுக்கு அதன்மேல் ஆசை இருந்தது. அதை அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

ரேடியோக்காரர்களிடம் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. இன்னொருவர் மேசையில் கேட்காமல் கை வைக்கக்கூடாது. குமிழைத் திருப்பக்கூடாது, கேபிளைத் தொடக்கூடாது. அடுத்தவர் பூஜை அறைக்குள் போய் விளக்கைத் தூண்டிவிடுவதுபோல அது. கோகுலராஜ் அந்த வழக்கத்தை மீறாதவன் என்று கனகலிங்கம் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். “மற்றவங்கள் வந்தால் குரங்குமாதிரி எல்லாத்தையும் தொட்டுப் பாப்பாங்கள். இந்தத் தம்பி கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்.”

அவன் மீறியது ஒரே ஒரு முறை. அதுவும் கெட்ட எண்ணத்தோடு அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு மலாய்க்காரர் வீட்டில் கெண்டுரி விருந்து. தலையைக் காட்டிவிட்டு வருகிறோம், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுக் கனகலிங்கமும் பராசக்தியும் போனார்கள். அவன் தனியாக இருந்தான். கடல் பக்கமிருந்து இடி உருண்டது. இடி கேட்டால் ஆன்டெனாவைக் கழற்றிவிட வேண்டும், மின்னல் கம்பி வழியாகச் செட்டுக்குள் இறங்கிவிடும். இது எல்லா ரேடியோக்காரனுக்கும் கை தானாகச் செய்கிற வேலை. அதே நேரத்தில் வாணி போனில் அழைத்தாள். ஜாசினில் மழை கொட்டுகிறது, சமையலறைக் கூரை ஒழுகுகிறது, உடனே வாருங்கள் என்றாள். அவளோடு பேசிக்கொண்டே அவன் செட்டின் முதுகுப்பக்கம் கையை விட்டுக் கேபிளைத் திருகிப் பிடுங்கி, மேசைக்குப் பின்னால் தொங்கவிட்டான். சுவிட்சை அணைத்தான். கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினான்.

அவன் வீட்டில் அப்படித்தான் கழற்றுவான். கனகலிங்கம் அப்படிக் கழற்றுவதில்லை. அவர் வீட்டில் வெளியிலிருந்து வரும் கேபிள் முதலில் ஜன்னலருகே வந்து சேரும். அங்கிருந்துதான் இன்னொரு குட்டைக் கேபிள் செட்டின் முதுகுக்குப் போகும். அவர் கழற்றுவது ஜன்னலருகே மட்டும். கழற்றிய முனையை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு வைப்பார். மறுபடி மாட்டுவதும் அங்கேதான். செட்டின் முதுகை அவர் பல வருடங்களாகத் தொட்டதே இல்லை.

மறுநாள் மாலை அவர் போனில் அழைத்தார்.

“தம்பி, ஒண்டு கேக்கிறன். நேற்று நீங்க போகேக்க செட் சரியாத்தானே இருந்தது?”

“ஆமா அங்கிள். நல்லா கேட்டுச்சு. ஏன்?”

அந்த ‘ஆமா’வைச் சொன்னபோது அவன் மனதில் எதுவும் இல்லை. அது பொய்யல்ல. அவர் மேலே சொல்லச் சொல்லத்தான் அது பொய்யாக மாறியது.

மழை விட்ட பிறகு ஜன்னலருகே மாட்டிவிட்டுச் செட்டைப் போட்டிருக்கிறார். சத்தமே இல்லை. இடி மழைக்குப் பிறகு சில நேரம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். ரேடியோக்காரர்கள் சேர்ந்து பேசும் வாராந்திரக் கூட்டுப் பேச்சுக்கு நேரமாகிவிட்டது, அதை நடத்துகிறவர் அவர்தான். அவசரத்தில் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன்டெனாவைப் பொருத்தும் குமிழ்களைத் திருப்பியிருக்கிறார். திரும்பி வரும் சக்தியைக் காட்டும் முள் இறங்கவில்லை. இன்னும் திருப்பியிருக்கிறார். பிறகு கருகிய வாசம். வெளியே போக வழியில்லாத சக்தி உள்ளேயே திரும்பி, கடைசிக் கட்ட ட்ரான்சிஸ்டர்களைச் சுட்டுவிட்டது.

“பின்னுக்கு எட்டிப் பாக்கிறன், கேபிள் தொங்குது. ஜன்னல்லயும் கழட்டி, பின்னுக்கும் கழட்டியிருக்கிறன். ஏன் கழட்டினன், எப்ப கழட்டினன், ஒண்டும் ஞாபகமில்லைத் தம்பி. எவ்வளவு யோசிச்சாலும் வரேல்லை.”

கோகுலராஜின் விரல்களில் அந்த உலோகத் திருகின் குளிர்ச்சி திரும்பி வந்தது.

“ஈப்போவில அண்ணருக்கும் இப்படித்தான் தொடங்கினது. முதல்ல அடுப்பில வச்ச கேத்திலை மறந்தவர். பிறகு வீட்டு வழி. கடைசியில என்னைப் பாத்து ‘நீங்க ஆர்’ எண்டு கேட்டவர்.”

அவர் நிறுத்தினார். அந்த இடைவெளி நீளமாக இருந்தது. ஒரு வாக்கியத்துக்குத் தேவையானதைவிட அதிக இடம் அதில் இருந்தது. கோகுலராஜ் வாயைத் திறந்தான்.

“செட்டு ரொம்ப போயிடுச்சா அங்கிள்?” என்று கேட்டான்.

பிறகு அவன் அதை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை? பயமா? இல்லை. அவர் திட்டுகிறவர் அல்ல. மேசையில் கை வைக்காதவன் என்ற பெயர் போய்விடும் என்பதா? அதுவும் கொஞ்சம். ஆனால் பெரிய காரணம் எதுவுமே இல்லை. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான், அவ்வளவுதான். மறந்தது அவர் அல்ல, அவன். கை செய்ததை மனம் மறந்தது. அதை அவர் தன் மறதியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த தடவை அவர் அழைத்தபோது சொன்னது வேறு. செட்டை விற்கப் போகிறாராம். “இனி இதுக்கு முன்னால நான் இருக்கிறது ஆபத்து. கரண்ட் சாமான். தெரியாத ஆளுக்குக் குடுக்க மனம் வரேல்லை. நீங்க எடுத்தால் திருத்திப் பாவிப்பீங்கள்.”

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். அவனால் அதை மறுக்க முடியவில்லை. பச்சை முள்ளும் அந்தக் குரலும் தன் வீட்டில் என்ற சந்தோஷம் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் சும்மா கொடுக்கப் பார்த்தார். அவன் பிடிவாதமாகப் பணம் கொடுத்தான். பராசக்தி வாசல்வரை வந்து, “நீங்க நல்ல மனம் தம்பி, உடைஞ்சதுக்குக் காசு தாறீங்கள்” என்றாள். அவன் செட்டைத் தூக்கிக் காரில் வைத்தான்.

அதற்குப் பிறகுதான் துண்டு போட்டு மூடி வைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் கேட்காமல் மறுபடி போனான். வீடு மாறியிருந்தது. மேசை காலியாக, துடைத்து வைத்ததுபோல இருந்தது. கார்ச் சாவி பராசக்தியின் இடுப்பில் இருந்தது. அடுப்படிச் சுவரில் ‘காஸ் மூடியாச்சா?’ என்று அவருடைய அழகான கையெழுத்தில் ஒட்டியிருந்தது. மலாக்கா மருத்துவமனையில் ஞாபகப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருந்தார்கள். மகள் ரோகினி காஜாங்கில் இருக்கிறாள், இருவரும் அங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். இந்த மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டுகிறார்கள். ஆன்டெனாக் கம்பத்தை இறக்க மீன்பிடிக்கிற ஆள் ஒருவரிடம் சொல்லியிருந்தார்கள்.

“ரோகினி வீடு பதினேழாம் மாடி,” என்றார் கனகலிங்கம். “உயரம் நல்ல உயரம். கம்பி கட்டேலாது, அவ்வளவுதான்.” அவர் சிரித்தார். பிறகு சிரித்தது தனக்கே பொருந்தாததுபோல நிறுத்திக்கொண்டார். கோகுலராஜைப் பார்த்து, “நீங்க போன கிழமை வந்தனீங்களா? இல்லைத்தானே?” என்று கேட்டார்.

“இல்ல அங்கிள்.”

“ஓம். வரேல்லை. சும்மா சரி பாத்தனான்.”

முன்பெல்லாம் எதையும் சரி பார்க்காத மனிதர். கூட்டுப் பேச்சில் உள்ள எல்லோருடைய பெயரையும் ஊரையும் தாள் பார்க்காமல் சொல்கிறவர்.

அப்போது கோகுலராஜ் ஒரு தந்திரம் செய்தான். “செட்டத் தொறந்து பாத்தேன் அங்கிள். ட்ரான்சிஸ்டர் பழசு. உள்ளயே வெடிப்பு விட்டிருக்கு. கேபிள் மாட்டியிருந்தாலும் அன்னைக்கி அது போயிருக்கும். உங்க மேல தப்பே இல்ல.”

அவன் செட்டைத் திறக்கவே இல்லை. கனகலிங்கம் அவன் முகத்தை அன்பாகப் பார்த்தார்.

“அது சரி. ஆனா கேபிள் தொங்கினதைக் கண்ணால கண்டனே தம்பி. அதை ஆர் கழட்டினது?”

ஜன்னலுக்கு வெளியே கடலில் ஒரு படகின் மோட்டார் நெடுநேரம் கேட்டது. பராசக்தி தேநீரும் வாழைப்பழப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். அவன் தேநீரைக் குடித்தான். பலகாரத்தையும் சாப்பிட்டான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் செட்டின் மூடியைக் கழற்றினான். இதைச் சரிசெய்து கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றியது. வாயால் சொல்ல முடியாததை ஸ்க்ரூ டிரைவரால் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். உள்ளே தூசி, ஒரு மூலையில் பல்லி முட்டை ஓடுகள், வெப்பத்தை வாங்கும் அலுமினியத்தின் மேல் இரண்டு ட்ரான்சிஸ்டர்கள். ஒன்றின் மண்டை பிளந்திருந்தது. சுற்றிலும் பலகை பழுப்பாக வெந்திருந்தது. மற்றபடி எல்லாம் ஒழுங்காக இருந்தன. இவ்வளவு பத்திரமாக வைத்திருந்த செட்டை எங்கும் பார்த்ததில்லை. அது அவனை இன்னும் வருத்தியது.

இணையத்தில் வாங்கிய முதல் ஜோடி போலி. எழுத்து அச்சு மட்டும் சரியாக இருந்தது, சக்தி கொடுத்ததும் புகைந்தது. மறுபடி வேறு இடத்தில் தேடி வாங்கினான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, வெந்த பாதைக்குப் பதிலாகச் செம்புக் கம்பி வைத்துப் பற்றவைத்தான். ஓய்விலிருக்கும்போது ட்ரான்சிஸ்டர்கள் எவ்வளவு மின்சாரம் குடிக்க வேண்டுமோ அதற்கு மீட்டரை வைத்து மெல்ல மெல்லத் திருகினான். அந்த வேலை நடக்கும் நேரங்களில் மட்டும் மனம் அமைதியாக இருந்தது. வேலை முடிந்ததும் அந்த அமைதி ஏமாற்று என்று தெரிந்தது.

சோதிப்பதற்கு ஒரு எண்ணெய் டின் இருந்தது. பழைய பெயிண்ட் டின்னுக்குள் மின்தடைகளை வைத்து, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் ஊற்றி மூடிச் செய்தது. செட்டுக்கு அது ஆன்டெனாபோலவே தெரியும். முழுச் சக்தியோடு பேசலாம். ஆனால் குரல் வெளியே போகாது. எல்லாம் எண்ணெயில் சூடாக அடங்கிவிடும். புதிதாகப் பழுது பார்த்த செட்டை முதலில் டின்னோடுதான் பேசவிட வேண்டும்.

சனிக்கிழமை மதியம் அதை மாட்டினான். மைக்கை எடுத்தான். வழக்கமாக இப்படிச் சோதிக்கும்போது ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார்கள். அவன் அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். முள் அசையவில்லை. பேசினால்தான் அசையும். பிறகு, எப்படி வந்தது என்று தெரியாமல், “அங்கிள்” என்றான். முள் எழுந்தது.

“அங்கிள், கேபிள நான்தான் கழட்டினேன்.”

முள் எழுந்து எழுந்து விழுந்தது. செட் நன்றாக வேலை செய்தது.

“அன்னைக்கி இடி இடிச்சுச்சு. நீங்க கெண்டுரிக்குப் போயிருந்தீங்க. நான் பின்னாலேருந்து கழட்டிட்டுப் போயிட்டேன். உங்ககிட்ட சொல்லல. நீங்க எதையும் மறக்கல அங்கிள்.”

டின் வெதுவெதுப்பாகியிருந்தது. அவன் மைக்கை விட்டான். முதுகுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. வாசலில் வாணி துணிக் கூடையோடு நின்றிருந்தாள்.

“யாருகிட்ட பேசுனீங்க?”

“யாருகிட்டயும் இல்ல. இது வெளிய போகாது. எண்ணெய் டின்னு.”

அவள் கூடையை இஸ்திரி மேசையில் வைத்தாள். டின்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“அந்த அங்கிள் டாக்டர்கிட்டப் போறாரு, வீட்டப் பூட்டுறாருன்னு சொன்னீங்களே. அது இதனாலயா?”

அவன் தலையசைத்தான்.

“கடவுளே,” என்றாள். துணிகளை ஒவ்வொன்றாக மடித்தாள். அவனுடைய சட்டை ஒன்றை மடித்து முடித்தபின், “டின்னுக்கு நல்லா வெளங்கிருச்சு. நாளைக்கிப் போயி மனுசனுக்குச் சொல்லுங்க,” என்றாள்.

ஞாயிறு காலையே கிளம்பினான். செட்டைப் பின் இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டிருந்தான். ரெம்பியா தாண்டி, அலோர் காஜா தாண்டி, வழி முழுவதும் சொற்களை அடுக்கிக்கொண்டே போனான். கடல் தெரிந்ததும் அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது.

கம்பம் இன்னும் இறக்கப்படவில்லை. கனகலிங்கம் முன்னறையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவன் செட்டைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததைப் பார்த்து முகம் மலர்ந்தது.

“திருத்திப் போட்டீங்களோ! காட்டத்தான் கொண்டு வந்தனீங்களோ?”

“இது உங்களுக்கு அங்கிள். திரும்ப உங்களுக்கு.” செட்டைக் காலியான மேசையில் வைக்காமல் தரையில் வைத்தான். “அந்தக் கேபிள நான்தான் கழட்டினேன். இடி இடிச்சப்ப. வாணிகூட போன்ல பேசிக்கிட்டே கழட்டிட்டேன். அப்புறம் உங்ககிட்ட சொல்லல.”

அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். அவர் கண்கள் ஈரமாகியிருந்தன. ஆனால் அவன் எதிர்பார்த்த காரணத்துக்காக அல்ல.

“போன தரம் ட்ரான்சிஸ்டர் வெடிப்பு எண்டீங்கள். இந்தத் தரம் இது. அடுத்த தரம் என்ன, பல்லி கடிச்சதெண்டு சொல்லுவீங்களோ?” சிரித்தார். “எனக்கு விளங்குது தம்பி. நீங்க நல்ல பிள்ளை. ஆனா கிழவனுக்குப் பொய் சொல்லி ஆறுதல் சொல்லாதேங்கோ. அது என்னை இன்னும் குழப்பும். எது நடந்தது எது நடக்கேல்லை எண்டு எனக்கே இப்ப தெரியிறேல்லை.”

“இது பொய் இல்ல அங்கிள். அன்னைக்கிச் சொன்னதுதான் பொய். நான் செட்டத் தொறக்கவே இல்ல அப்ப.”

“நீங்க என்ர மேசையில கை வைக்கிற ஆள் இல்லை.”

“வச்சேன் அங்கிள்.”

“இல்லை,” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

கோகுலராஜ் நின்றுகொண்டிருந்தான். தன் உண்மைக்கு முன்னால் தன் பொய்யே போய் உட்கார்ந்துகொண்டு வழி விடாமல் இருக்கிறது என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. நல்லவன் என்று நம்பியிருக்கிற வரைக்கும் அவர் இதை நம்பமாட்டார். சத்தியம் செய்தால் அதையும் கருணை என்றே எடுத்துக்கொள்வார். அப்படியென்றால் ஒரே வழிதான் இருந்தது. அதை அவன் டின்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

“இந்தச் செட்டு மேல எனக்கு ரொம்ப நாளா ஆச அங்கிள்.”

அவர் நிமிர்ந்தார்.

“இங்க வர்றது உங்களுக்காகன்னு நெனைச்சிருப்பீங்க. பாதி இதுக்காகத்தான் வருவேன். நீங்க கேபிள் தொங்குச்சுன்னு போன்ல சொன்னப்பவே எனக்குத் தெரியும், அது நான்தான்னு. உங்க அண்ணனப் பத்திச் சொன்னீங்க. அப்பவும் சொல்லல. செட்ட விக்கப் போறேன்னு சொன்னீங்கல்ல, அப்ப எனக்கு முதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு. உங்களுக்கு இப்படி ஆயிருச்சேன்னு அப்புறமாத்தான் வந்துச்சு. உங்களுக்கு மறதின்னு தெரிஞ்சா எனக்குச் செட்டு கெடைக்கும். அப்படின்னு கணக்குப் போடல. ஆனா சந்தோஷப்பட்டேன். ஆன்ட்டி நல்ல மனசுன்னு சொன்னாங்க, அதையும் கேட்டுக்கிட்டு, தூக்கிக்கிட்டுப் போனேன்.”

தரையைப் பார்த்தே பேசினான். முடித்தபிறகும் தலையை நிமிர்த்தவில்லை. வீட்டுக்குள் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. யாரும் ஆறுதலுக்காக இப்படி ஒன்றைக் கட்டிச் சொல்லமாட்டார்கள் என்பது அவருக்குப் புரிய எடுத்துக்கொண்ட நேரம் அது.

“வாணிக்கு அண்டைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார் கனகலிங்கம். குரல் மாறியிருந்தது.

“கூரை ஒழுகுது, உடனே வாங்கன்னு போன் பண்ணா.”

“நான் வரேக்க கதவு சாத்தியிருந்தது. சுவிட்ச் அணைச்சிருந்தது. ஜன்னல்ல கேபிள் மாட்டினபடி இருந்தது, அதை நான் கழட்டிப் போத்தலுக்க போட்டனான். சரியோ?”

“நான் ஜன்னல்ல தொடல அங்கிள். நீங்க சொல்றது சரி.”

“மழை விட்ட பிறகு மாட்டினது நான். ஒருக்கா.”

“சரி.”

“பின்னுக்கு நான் தொடவே இல்லை.”

“தொடல.”

“அதாலதான் ஞாபகம் வரேல்லை,” என்றார். “செய்யாததை எப்படி ஞாபகம் வைக்கிறது?”

அவர் எழுந்தார். அட்டைப் பெட்டி ஒன்றில் இடித்துக்கொண்டார், கவனிக்கவில்லை. “பராசக்தி! இஞ்ச வாரும்! நான் மறக்கேல்லையப்பா! நான் கழட்டேல்லை, தம்பிதான் கழட்டினவர்! இவர்தான்!” திருடனைப் பிடித்துவிட்ட குரல் அல்ல அது. தொலைந்த பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது என்று அறிவிக்கிற குரல். பராசக்தி கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். கெண்டுரி, இடி, கூரை, கேபிள். ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல். பாதியில் அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும், இன்னும் வேகமாகச் சொன்னார்.

அவர் திட்டவில்லை. கோகுலராஜ் அதற்காகத்தான் காத்து நின்றான். திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அவருடைய சந்தோஷத்தில் அவனுக்கு இடமே இல்லை. அவன் அதில் ஒரு தகவல் மட்டும். “ரோகினிக்குச் சொல்ல வேணும், இப்பவே சொல்ல வேணும்” என்று போனைத் தேடிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். போகும்போது செட்டைத் தாண்டித்தான் போனார். குனிந்து பார்க்கவில்லை.

பராசக்தி நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணில் நின்ற நீரைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“செட்ட மேசைல வச்சிட்டுப் போகவா ஆன்ட்டி?”

“இருக்கட்டும். அவரே வைப்பார்.”

அவன் வாசலுக்கு நடந்தான். அவள் கூடவே வந்தாள். எப்போதும் வருவதுபோல கேட்வரை வந்தாள். வெயில் ஏறியிருந்தது. கம்பத்தின் மேலிருந்த கம்பி காற்றில் மெல்ல ஆடியது.

“ராவில எழும்பி என்னைத் தட்டிக் கேப்பார்,” என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். “என்ர பேரைச் சொல்லட்டுமோ, சரியோ பாரும் எண்டு. ஒவ்வொரு ராவும். நான் ‘சரி, சரி, படுங்கோ’ எண்டு சொல்லுவன்.”

இந்த முறை அவன் பேசாமல் இருந்தது அடக்கமும் அல்ல, தந்திரமும் அல்ல.

“ஆஸ்பத்திரிக்கு இனிப் போக வேண்டியதில்லை எண்டு நினைக்கிறன். காஜாங்குக்கும் போகத் தேவையில்லை. அவருக்கு இது காணும். அவர் நாளைக்கே உங்களைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். அவரின்ர சுபாவம் அப்படி.” கேட்டின் கம்பியைப் பிடித்தபடி சற்று நின்றாள். “ஆனா தம்பி, இனி வாறதெண்டால் முதல்ல போன் பண்ணிக் கேட்டிட்டு வாங்கோ.”

“சரி ஆன்ட்டி.”

“என்னட்டக் கேளுங்கோ. அவரிட்ட இல்லை.”

அவன் காரில் ஏறினான். விருந்தாளியை வழியனுப்புவதுபோல அவள் கதவு சாத்தும்வரை நின்றாள். பிறகு கேட்டை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். சத்தம் வராமல் போட்டாள். உள்ளே கனகலிங்கம் மகளிடம் பேசிக்கொண்டிருந்தது தெருவரை கேட்டது. சத்தமாக, இடையிடையே சிரித்துக்கொண்டு, நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.